கார் சேலில் பேரம்: நாம் எங்கே விட்டுக்கொடுக்கிறோம்?

கண்டி, குருநாகல், கொழும்புப் புறநகர் என்று எந்தக் கார் சேலுக்குப் போனாலும், ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வந்த நம் ஆட்களிடம் விற்பனையாளர் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "மாசம் எவ்வளவு கட்ட ஏலும்?" கேட்கும் விதம் அக்கறையாகத்தான் இருக்கும். "ஒரு அறுபது, எழுபதாயிரம்" என்று நாமும் உண்மையைச் சொல்லிவிடுவோம். பேரத்தின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் வாதாடி ஐம்பதாயிரம் குறைத்தாலும், வண்டியின் விலை, வட்டி வீதம், தவணைக்காலம் ஆகிய மூன்றையும் நாம் சொன்ன தொகைக்குள் அடங்குகிற மாதிரி தன் வசதிக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ள அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

மலையகத்தார் பேரம் பேசத் தெரியாதவர்கள் இல்லை. லீக்ஸையும் கரட்டையும் விற்று வாழ்கிற நுவரெலியாக்காரரிடம் விலை பேசி ஜெயிப்பது லேசான காரியமா? வாகனத்தில் மட்டும் நாம் சறுக்குவதற்குக் காரணம், நாம் விலையைப் பேசுகிறோம், எதிரே இருப்பவர் லீசிங் என்கிற தவணைக் கடனையும் பத்திரத்தையும் சேர்த்துப் பேசுகிறார் என்பதுதான். நம் பணம் அதிகமாகப் போவது நாம் பேசாத பக்கத்தில்.

லயத்துக் குடும்பம் ஒன்றின் முதல் வாகனம் பெரும்பாலும் ஆட்டோ. அப்பாவோ அம்மாவோ தோட்டத்தில் ஓய்வு பெறும்போது கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதி முற்பணமாகப் போகும், மிச்சத்துக்கு லீசிங். கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்பவர்கள் 'டிமோ பட்டா' என்று நாம் சொல்லும் டாட்டா ஏஸ் லொறியில் ஆரம்பிப்பார்கள். கொழும்புக் கடையிலும் கட்டாரிலும் வேலை செய்து சேர்த்த பிள்ளைகள் கார் தேடுவார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபா. கார் லீசிங் ஒன்றின் மாதத் தவணை இரண்டு பேருடைய முழு மாத உழைப்பை விழுங்கிவிடும். அதனால்தான் இந்தப் பேரத்தில் விடுகிற ஒவ்வொரு இலட்சமும் எனக்கு உறுத்துகிறது.

முதலில் இந்த விலைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 2020 மார்ச்சில், கொவிட் தொடங்கிய கையோடு, அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த வருடம் தொடங்கும்போது 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தொட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய கார் வராத நாட்டில், பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. அந்தக் காலம் ஒரு நம்பிக்கையை விதைத்துவிட்டுப் போயிருக்கிறது: வாகனம் வாங்கினால் விலை ஏறும், காத்திருந்தால் நட்டம். "அடுத்த மாசம் கூடும், இப்பவே போட்டுடுங்க" என்று விற்பனையாளர் சொல்லும்போது நாம் பதறுவது இதனால்தான். இறக்குமதி நடக்கிற காலத்தில் அந்தப் பதற்றத்துக்கு அவ்வளவு நியாயம் கிடையாது. டொலரும் வரியும் அசைந்தால் விலை ஏறும், இறங்கவும் செய்யும்.

வரிதான் விலையின் பெரிய துண்டு. 2025 இல் இறக்குமதி திறந்தபோது சுங்கத் தீர்வை 20 சதவீதம், அந்தத் தீர்வையின் மேல் இன்னும் 50 சதவீத மேலதிக வரி. அதாவது சேர்த்து 30 சதவீதம். அப்புறம் எஞ்சினின் சீசீ அளவைப் பார்த்து உற்பத்தி வரி, மின்சாரக் காருக்கு மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து. குறிப்பிட்ட பெறுமதிக்கு மேலே போனால் சொகுசு வரி. இவற்றின் மேல் 18 சதவீத வற் வரி. எனவே கம்பனி ஷோரூமில் புத்தம்புதிய வாகனத்துக்கு விலை பேசுகிறவர் பெரும்பாலும் அரசாங்கத்தின் பங்கோடு மோதுகிறார். அதை விற்பனையாளரால் குறைக்க முடியாது. அங்கே கேட்டுப் பெறக்கூடியவை வேறு: முதல் வருடக் காப்புறுதி, இலவச சேர்விஸ், சீட் கவர், பதிவுச் செலவு, விநியோகத் திகதி. விலையை விட்டுவிட்டு இவற்றில் பிடிவாதமாக நின்றவர்கள் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறார்கள்.

சீசீ அளவில் வரி போடுவதால் மலையகத்தாருக்கு இன்னொரு சிக்கலும் வருகிறது. 1000 சீசீக்குக் கீழே வரி குறைவு. நாட்டில் வெகன் ஆர், விட்ஸ் 1000 மாதிரியான கார்கள் இவ்வளவு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் போகப் போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத சின்ன எஞ்சினின் இழுவை நன்றாகவே குறையும். நான்கு பேரும் சாமான்களும் ஏறி ரம்பொடை வளைவுகளில் போனால் அது தெரியும். டொயோட்டா ரைஸ் மாதிரி டர்போ உள்ள 1000 சீசீ கார் இங்கே பாடுபடாமல் ஏறுவதற்கும் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் அந்த டர்போதான் காரணம். கொழும்பில் வண்டியை ஓட்டிப் பார்த்து "அருமையா இழுக்குது" என்று வாங்கியவர் வட்டவளை ஏற்றத்தில் முகம் சுருங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலை பேசுவதற்கு முன் பேச வேண்டியது, இந்த வண்டி நம் ரோட்டுக்கு ஒத்துவருமா என்பது.

யார்டில் நிற்கும் வண்டி யாருடையது?

பாவித்த வாகனத்தில்தான் பேரத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது. ஆனால் யார்டில் நிற்கும் எல்லா வண்டியும் ஒரே மாதிரி அல்ல. சில, முதலாளி தன் காசில் வாங்கி நிறுத்தியவை. சில, 'பார்க் அன்ட் செல்': யாரோ ஒரு சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், விற்றால் யார்டுக்குக் கமிஷன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் பேரம் முற்றிலும் மாறுகிறது.

முதலாளியின் சொந்தச் சரக்கென்றால், அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் செலவு. 90 இலட்சம் ரூபா வண்டியை வங்கிக் கடனில் 14 சதவீத வட்டிக்கு வாங்கி நிறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு வட்டி மட்டும் 1 இலட்சத்து 5 ஆயிரம். மூன்று மாதம் நின்றால் 3 இலட்சத்துக்கு மேல் அவர் கையை விட்டுப் போய்விட்டது. இறக்குமதி செய்த, இன்னும் பதிவு செய்யாத வாகனம் என்றால் நெருக்குதல் இன்னும் கூட. 2025 இல் வந்த விதியின்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் ஏற ஆரம்பிக்கும். ஆகவே "இது எப்ப வந்தது?" என்ற கேள்வி வெறும் பேச்சல்ல, விலையைக் குறைக்கிற கேள்வி. பதில் சரியாக வராவிட்டால் வண்டியே சொல்லும். பிரேக் டிஸ்க்கில் துரு படிந்திருக்கும், பற்றரி இறங்கி வேறொரு வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணுவார்கள், வைப்பரின் கீழே காய்ந்த இலை கிடக்கும். இணையத்தில் அதே வண்டியின் விளம்பரம் எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது, விலை இடையில் இறங்கியதா என்று ஃபோனிலேயே பார்த்துவிடலாம்.

பார்க் அன்ட் செல் வண்டியில் வேறு கதை. கம்பளையில் என் மச்சான் ஒருவர் டீசல் டவுன் ஏஸ் வேன் ஒன்றுக்கு விலை பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நானா, கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க?"

"தம்பி, நீங்க ஒரு கணக்கு சொல்லுங்க."

"விக்கிறது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க."

"போர்டுல அம்பத்தெட்டு. பார்ட்டி எங்கிட்ட சொன்னது அம்பத்தேழரை. வேணுமெண்டா உங்களுக்காகப் பேசிப் பாக்கிறன்."

அவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து "அம்பத்தேழு, அதுக்குக் கீழ முடியாதாம்" என்றார். இப்படிச் சொல்லும் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த நானா நேர்மையானவர் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கண் முன்னே இல்லாத 'பார்ட்டி' ஒருவரோடு யாராலும் பேரம் பேச முடியாது. விற்பனையாளர் நம் பக்கம் நிற்பவர் போலவும், பிடிவாதம் பிடிப்பது வேறு யாரோ போலவும் ஆகிவிடுகிறது. நாமும் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர்களாக உணர ஆரம்பிக்கிறோம். இதற்கு மரியாதையான பதில் ஒன்றுதான்: "சரி நானா, பார்ட்டிய நேர்ல சந்திச்சுப் பேசுவோம். உங்க கமிஷனை நாங்க தொட மாட்டோம்." கமிஷன் பறிபோகாது என்று தெரிந்தால் பலர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி அவருடைய சொந்தச் சரக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அப்போது மேலே சொன்ன வட்டிக் கணக்கு நம் பக்கம் வேலை செய்யும்.

மச்சானுக்கு விலை குறைந்தது வாய்ச் சாமர்த்தியத்தால் அல்ல. ஹட்டனிலிருந்து கூட வந்த மெக்கானிக் வேனை யார்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்கு ஓட்டிப்போனார். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் மெதுவாக எடுத்தார். எஞ்சின் சத்தம் கூடியது, வண்டி அதற்கு ஏற்ற மாதிரி நகரவில்லை. இரண்டாவது தடவை எடுக்கும்போது கருகல் வாடை வந்தது. இறங்கி வந்து, "கிளச் பிளேட் முடிஞ்சிருக்கு. ஏத்தத்துக்குப் போனா ஒரு மாசம் தாங்காது" என்றார். நானாவும் அந்த வாடையை முகர்ந்துவிட்டார், மறுக்க வழியில்லை. கிளச் செட்டுக்கும் வேலைக்கும் என்ன செலவாகும் என்று மெக்கானிக் கணக்குச் சொன்னார். வேன் 55 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு முடிந்தது.

"பாத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்பதற்கும், "கிளச்சுக்கு இவ்வளவு, முன் ஷொக் இரண்டுக்கும் இவ்வளவு" என்று கேட்பதற்கும் இருக்கும் தூரம் இதுதான். முதலாவது தயவைக் கேட்கிறது. இரண்டாவது கணக்கைக் கேட்கிறது, கணக்குக்கு விற்பவரும் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும்.

மலைநாட்டுக்கு வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை கொழும்புக்காரர் பார்ப்பவை அல்ல. வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது முக்கியம். புகை, சத்தம் எல்லாம் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். இறக்கத்தில் கியரைக் குறைத்து வரும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா, பிரேக் மிதிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் வண்டியில், குறிப்பாக சீவீடீ வகையில், ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது ஒரு உதறல் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஹைப்ரிட் என்றால் பற்றரியை ஸ்கேன் பண்ணாமல் விலையே பேசக்கூடாது. கரையோரத்தில் ஓடிய வண்டிக்கு அடித்தட்டில் உப்புத் துரு, தோட்ட ரோட்டில் ஓடிய வண்டிக்கு சஸ்பென்ஷன் ஆம், புஷ், ஷொக் எல்லாம் தேய்மானம். இரண்டையும் தூக்கி வைத்துக் கீழே பார்த்தால்தான் தெரியும். மீட்டரில் கிலோமீற்றர் குறைவாக இருப்பதை மட்டும் நம்பவே கூடாது. மீட்டரைத் திருப்புவது இங்கே பழைய தொழில். பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, சாரதி இருக்கையின் ஓரம் ஆகியவை மீட்டர் சொல்வதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும், முக்கால்வாசி விளங்கிவிடும்.

ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் செலவைப் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவருடைய ஒரு நாள் கூலி, சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் சேர்ந்தாலும், மேலே சொன்ன பேரத்தில் குறைந்ததன் பக்கத்திலேயே வராது. யார்டுக்காரர் காட்டுகிற கராஜில் பார்ப்பதும் நம் ஆள் பார்ப்பதும் ஒன்றல்ல.

தவணைக்குள் ஒளிந்திருக்கும் விலை

இனி ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். யார்டுகள் பலவற்றில் விற்பனையாளருக்கு மாதச் சம்பளம் கொஞ்சம்தான், வண்டி விற்றால் கமிஷன். லீசிங்கை எந்த பினான்ஸ் கம்பனிக்குக் கொடுக்கிறாரோ அங்கிருந்தும், காப்புறுதியிலிருந்தும் கமிஷன் வருவதுண்டு. அது அவர்களின் பிழைப்பு, அதில் குற்றம் காண எதுவுமில்லை. ஆனால் அவர் கொண்டுவந்து நீட்டும் பினான்ஸ் கம்பனி நமக்கு மலிவானது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கார் 50 இலட்சம், கையில் 20 இலட்சம், மிச்சம் 30 இலட்சத்துக்கு ஐந்து வருட லீசிங். குறைந்து செல்லும் மீதியில் 14 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 69,805 ரூபா அளவில் வரும். அதையே 16 சதவீதத்துக்கு எடுத்தால் 72,954. மாதத்துக்கு 3,150 ரூபா வித்தியாசம், யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. 60 மாதத்துக்குப் பெருக்கினால் 1 இலட்சத்து 89 ஆயிரம். விலையில் ஒரு இலட்சம் குறைத்துத் தந்துவிட்டு, "லீசிங்கை மட்டும் நம்ம ஆள்கிட்டயே போடுங்க" என்று கேட்கிற சலுகையில், நாம் 89 ஆயிரம் கூடக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகக் கை குலுக்கி வருகிறோம்.

இதைவிட மோசமானது 'ஃப்ளாட் ரேட்'. "வட்டி ஒன்பதுதான் அண்ணே" என்பார்கள். முழு 30 இலட்சத்துக்கும் ஐந்து வருடமும் 9 சதவீதம் என்றால் வட்டி 13 இலட்சத்து 50 ஆயிரம், மாதத் தவணை 72,500. மேலே உள்ள 16 சதவீதத் தவணையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட அதே தொகை. கடனைக் கட்டிக் கட்டி மீதி குறைந்துகொண்டு வரும்போதும், வட்டி ஆரம்பத் தொகைக்கே போடப்படுவதால் வருகிற விளைவு இது. ஆகவே 9 என்று கேட்டதும் சந்தோஷப்படாமல், "மொத்தமா அறுபது மாசமும் எவ்வளவு கட்டி முடிப்பேன்?" என்று கேட்டு, அந்த ஒரே தொகையை எழுதி வாங்க வேண்டும். இரண்டு பினான்ஸ் கம்பனிகளையும் ஒரு வங்கியையும் அந்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது. தவணைக்காலமும் முற்பணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வாகனப் பெறுமதியில் எத்தனை சதவீதம் வரை லீசிங் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரம்பு வைக்கிறது. 2017 இல் ஆட்டோவுக்கு 25 சதவீதம் மட்டும் என்று இறுக்கியது நம் பக்கத்துப் பையன்கள் பலருக்கு நினைவிருக்கும். 2025 ஜூலையில் கார், வேன்களுக்கு 60, ஆட்டோவுக்கு 50 என்று வைத்தார்கள். இந்த வரம்பு அடிக்கடி மாறுவது, வாங்குகிற வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. இந்த வரம்பைத் தாண்டுவதற்குச் சில இடங்களில் ஒரு வேலை செய்கிறார்கள்: 50 இலட்சத்துக்கு முடிந்த வண்டிக்கு 58 இலட்சம் என்று விலைப் பத்திரம் எழுதி, பெறுமதியையும் அதற்கேற்பக் காட்டி, கூடுதல் லீசிங் எடுத்துக் கொடுப்பது. கையில் காசு குறைவாக இருப்பவருக்கு இது உதவி மாதிரித் தெரியும். ஆனால் பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் வாங்குபவர்தான். அதோடு வண்டியின் உண்மைப் பெறுமதிக்கு மேலே கடன் ஏறிவிட்டால், தவணை தவறி வண்டியை சீஸ் பண்ணிக்கொண்டு போன பிறகும் கடன் மிஞ்சும். அப்படி வண்டியும் போய்க் கடனோடும் நிற்கிற குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று: "முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு வெட்டுவீர்கள்?" சேமலாப நிதியோ வெளிநாட்டுக் காசோ இடையில் வந்து கடனை முடிக்க நினைப்பவர்கள் நம்மில் அதிகம். இந்தக் கேள்வியைக் கையெழுத்துக்கு முன்பு கேட்டால்தான் பேச இடம் உண்டு.

பத்திரம்

விலை நல்ல விலையாக அமைந்தாலும் பத்திரம் கெட்டால் எல்லாம் போச்சு. 'ஓப்பன் பேப்பர்' வண்டி என்பது, பதிவுப் புத்தகத்தில் உள்ள சொந்தக்காரர் உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து வைத்துக் கொடுத்து, பெயர் மாறாமலே பல கை மாறி வந்த வண்டி. பெயர் மாற்றும் செலவு மிச்சம் என்று மலிவாகத் தருவார்கள். 2022 இல் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது, பழைய சொந்தக்காரர் ஏற்கனவே பதிந்துவிட்டதால் தங்கள் வண்டிக்கே பெற்றோல் வாங்க முடியாமல் எத்தனையோ பேர் அலைந்தார்கள். முதல் சொந்தக்காரர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ அலைச்சல் இன்னும் கூடும். 2025 ஏப்ரலிலிருந்து கார் போன்ற வாகனங்களைப் பதியவும் பெயர் மாற்றவும் வரி செலுத்துநர் அடையாள எண் கேட்கிறார்கள். தோட்டத்தில் பலரிடம் அந்த எண் இன்னும் இல்லை, வண்டி பார்க்கப் போவதற்கு முன்பே எடுத்து வைப்பது நல்லது.

பதிவுப் புத்தகத்தில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் பினான்ஸ் கம்பனியின் பெயர் இருந்தால் அந்தக் கடன் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் 1919 குறுஞ்செய்திச் சேவையிலும் வாகன இலக்கத்தைக் கொடுத்து இந்த விபரத்தைப் பார்க்கலாம். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. வெட்கப்படாமல் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது மொழி. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தமிழ் பேசித்தான் ஆளைப் பிடிக்கிறார்கள், ஆனால் கையெழுத்து வைக்கச் சொல்லும் லீசிங் ஒப்பந்தம் அனேகமாக ஆங்கிலத்தில் இருக்கும். பத்துப் பதினைந்து பக்கம், பென்சிலால் கட்டம் போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து. பிணை நிற்க வந்த பெரியப்பாவும் வாசிக்காமலே வைப்பார். பிணைக்காரர் என்றால் தவணை நின்றால் தன் சொத்திலிருந்து கட்ட வேண்டியவர் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வட்டி வீதம், மொத்தத் தொகை, தாமதக் கட்டணம், முன்கூட்டி முடிக்கும் விதி, பிணைக்காரரின் பொறுப்பு ஆகிய ஐந்தையும் தமிழில் ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுபோய், படித்த பிள்ளை ஒன்றைக்கொண்டு வாசிக்கச் சொல்லலாம். பினான்ஸ் கம்பனியோடு வரும் பிணக்குகளை மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம், வண்டி விற்றவரோடு வருவதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இல்.

முற்பணம் வைக்கும்போது நாம் வாங்கும் ரசீதில் பெரும்பாலும் தொகையும் திகதியும்தான் இருக்கும். பேசி முடித்த முழு விலை, வாகன இலக்கம், செசி இலக்கம், பெயர் மாற்றும் செலவு யாருடையது, எந்தத் திகதிக்குள் வண்டி கைக்கு வரும், லீசிங் கிடைக்காவிட்டால் அல்லது பத்திரத்தில் பிழை இருந்தால் முற்பணம் முழுதாகத் திரும்பும் என்ற ஒரு வரி, இவ்வளவும் அதில் எழுதப்பட வேண்டும். புதிய வாகனத்துக்கு முன்பதிவு செய்கிறவர், விலை முன்பதிவு நாளுக்கு உரியதா அல்லது வண்டி கொடுக்கும் நாளுக்கு உரியதா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும், ஏனென்றால் இடையில் டொலரோ வரியோ மாறினால் கூடும் தொகையை நம் தலையில்தான் போடுவார்கள். ரசீதில் எழுதத் தயங்குகிற யார்டில் நல்ல நேரம் போய்விடும் என்பதற்காகவோ, பூசைக்கு மாணிக்கப் பிள்ளையார் கோயிலில் சொல்லி வைத்துவிட்டோம் என்பதற்காகவோ காசை வைக்கக் கூடாது. பூசையை அடுத்த வெள்ளிக்குத் தள்ளி வைக்கலாம், ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார்.